மருந்து குடித்தவருக்கு ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது? – வாசகர் கேள்விகளுக்கு அவசரப் பிரிவின் பதில்கள்

பூச்சி மருந்து, எலி மருந்து, அளவுக்கு மீறிய மாத்திரை ஆகியவற்றால் பாதிக்கப்பட்டு வரும் பெரியவர்களுக்கான சிகிச்சை பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். குடியாத்தத்திலிருந்து அரக்கோணம் வரை, பழைய வட ஆற்காட்டின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. வேலூரில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இப்போதே யாராவது விஷம் சாப்பிட்டிருந்தால் இதைப் படிக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். மனம் தாங்க முடியாத நிலையில் நீங்களே இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

கே: எங்கள் தெருவில் ஒரு பெரியவர் வயலுக்கு வாங்கி வைத்த பூச்சி மருந்தைக் குடித்துவிட்டார். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தோம். பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோனோம். டாக்டர் எங்களைத்தான் திட்டினார். என்ன தப்பு செய்தோம்? – ஒரு வாசகர், குடியாத்தம் அருகே

நீங்கள் தாமதிக்காமல் கொண்டுபோனீர்கள். அது பெரிய விஷயம். ஆனால் மற்ற மூன்றையும் அடுத்த முறை யாருக்கும் செய்யாதீர்கள். காரணத்தைச் சொல்கிறோம்.

வாந்தி எடுக்க வைப்பதால் வயிற்றில் உள்ள விஷம் முழுவதும் வெளியே வராது. வருவதில் ஒரு பகுதி மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். பூச்சி மருந்துகள் பெரும்பாலும் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் கலந்து வருபவை. அது நுரையீரலுக்குள் போனால் விஷத்தோடு நிமோனியாவும் சேர்ந்துகொள்ளும். விஷத்தால் மயக்கம் வரத் தொடங்கிய ஆளுக்கு இருமித் துப்பும் சக்தியும் இருக்காது. உப்புத் தண்ணீர் தனி ஆபத்து. ஒரு சொம்பு கெட்டியான உப்புக் கரைசல் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி, அதுவே வலிப்பையும் மூளை வீக்கத்தையும் கொண்டுவரலாம். சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல், பச்சை முட்டை, பால் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். வாய்வழியாக எதுவும் வேண்டாம்.

பைக் விஷயம். மயங்கிய ஆளை இருவருக்கு நடுவில் உட்கார வைத்தால் தலை முன்னால் தொங்கும், தாடை மார்பில் இடிக்கும், நாக்கு பின்னால் விழுந்து மூச்சுப் பாதையை அடைக்கும். பின்னால் பிடித்திருப்பவருக்கு அது தெரியாது. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் உள்ளதைத் துணியால் துடைத்து, 108 வண்டியில் கொண்டுவாருங்கள். வண்டி வரத் தாமதமானால் கார், ஆட்டோ, டெம்போ எதுவானாலும் சரி, படுக்க வைத்துக் கொண்டுவர முடிய வேண்டும்.

சட்டை, வேட்டி, புடவையில் மருந்து கொட்டியிருந்தால் கழற்றிவிட்டு உடம்பைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். பாஸ்பரஸ் வகைப் பூச்சி மருந்து தோல் வழியாகவும் ஏறும். தலைமுடி, நகக்கண், காது மடலுக்குப் பின்புறம், தொப்புள் ஆகிய இடங்கள் விட்டுப்போகும். கழுவுபவர் கையில் உறை இருக்கட்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொள்ளட்டும். தோல் பெல்ட், தோல் செருப்பு, வாட்ச் பட்டை இவற்றைக் கழுவிப் பயனில்லை. தோல் அந்த மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வேலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதைக் கட்டி ஒதுக்கிவிடுங்கள், திரும்பப் போட வேண்டாம்.

எங்களுக்கு மிகவும் உதவுவது இரண்டு விவரம்: என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு. பாட்டிலையோ பாக்கெட்டையோ மாத்திரை அட்டையையோ பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துவாருங்கள். லேபிள் கிழிந்திருந்தாலும் கொண்டுவாருங்கள். எடுக்க முடியாவிட்டால் போனில் படம் பிடித்தால் போதும். நேரம் சரியாகத் தெரியாவிட்டால், கடைசியாக அவரை நல்லபடியாகப் பார்த்தது எப்போது என்று சொல்லுங்கள். இந்தக் கடிதங்கள் பலவற்றுக்கும் பதில் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு விஷத்துக்கும் அதற்கென்று ஒரு கடிகாரம் ஓடுகிறது.

கே: என் தம்பியை வேலூர் கொண்டுபோனோம். குழாய் போட்டு வயிற்றைக் கழுவவே இல்லை. பணம் கட்டவில்லை என்பதால் விட்டுவிட்டார்களோ என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். – ஒரு வாசகி, ஒடுகத்தூர்

இல்லை அம்மா. கழுவாமல் விட்டதுதான் சரியான முடிவாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

முன்பு விஷம் என்று வந்தாலே குழாய் போடுவார்கள். இன்று, சாப்பிட்டு ஏறக்குறைய 1 மணி நேரத்துக்குள் வந்து, உயிருக்கு ஆபத்தான அளவு உள்ளே போயிருந்து, நோயாளி நல்ல நினைவோடு ஒத்துழைத்தால், அல்லது மூச்சுக்குழாயில் டியூப் போட்டுப் பாதுகாத்த பிறகு மட்டுமே அதை யோசிக்கிறோம். அதற்குப் பிறகு வயிற்றில் கழுவி எடுக்க அதிகம் மிஞ்சியிருக்காது. ஆசிட், கழிப்பறை கழுவும் திரவம் போன்ற அரிக்கும் பொருளுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கழுவவே கூடாது. ஆசிட் குடித்தவருக்குக் குழாய் உணவுக்குழாயைக் கிழித்துவிடும்.

கழுவும்போதும் முறை உண்டு. இடது பக்கம் சாய்த்து, தலைப்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தி, ஒரு தடவைக்கு 200 முதல் 300 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அதே அளவு வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் ஊற்றினால் விஷம் வயிற்றிலிருந்து குடலுக்குத் தள்ளப்படும். கையைக் காலைப் பிடித்துக்கொண்டு, திமிறும் ஆளுக்குக் குழாய் போடுவது மிகவும் ஆபத்தானது.

கழுவுவதைவிடப் பல விஷங்களுக்குப் பொருத்தமானது மருத்துவக் கரித்தூள். பெரியவர்களுக்கு 50 கிராம், தண்ணீரில் கரைத்து, முடிந்தால் முதல் மணி நேரத்துக்குள். அடுப்புக் கரியை அரைத்துக் கொடுத்தால் அந்த வேலை நடக்காது. இரும்புச் சத்து மாத்திரை, லித்தியம், சாராயம், ஆசிட், மண்ணெண்ணெய் இவற்றைக் கரித்தூள் பிடித்துக்கொள்ளாது. மஞ்சள் அரளி விதை, கார்பமசெபின் போன்ற சிலவற்றுக்கு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பக் கொடுப்பதுண்டு.

கே: தாலுகா மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். பாஸ்பரஸ் பூச்சி மருந்து கேஸ் வந்தால் மாற்று மருந்தான அட்ரோபின் எவ்வளவு போடுவது, எப்போது நிறுத்துவது என்பதில் ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். வேலூருக்கு அனுப்பும்போது சீட்டில் என்ன எழுத வேண்டும்?

சகோதரி, உங்கள் கையில்தான் முதல் அரை மணி நேரம் இருக்கிறது. அதனால் விரிவாகவே எழுதுகிறோம்.

நோயாளி எப்படி வருவார் என்பது உங்களுக்குத் தெரியும்: கண்மணி குண்டூசித் தலை போல் சுருங்கி, வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, நெஞ்சில் கொரகொரப்பு, தசைத் துடிப்பு, தன்னையறியாமல் மலம் சிறுநீர். அவரைக் கொல்வது நெஞ்சில் சுரந்து நிற்கும் சளியும் சுவாசத் தசைகளின் தளர்ச்சியும்தான். ஆக, முதலில் உறிஞ்சும் கருவியும் ஆக்சிஜனும். ஆக்சிஜன் வந்தால்தான் அட்ரோபின் போடலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

முதல் டோஸ் 1.8 முதல் 3 மில்லி கிராம், நரம்பு வழியாக. நம் ஊர் ஆம்பூல் 0.6 மில்லி கிராம் என்பதால் 3 முதல் 5 ஆம்பூல். 5 நிமிடம் கழித்து ஐந்து விஷயங்களைப் பாருங்கள்: நெஞ்சு சுத்தமாகக் கேட்கிறதா, நாடி 80க்கு மேலா, மேல் ரத்த அழுத்தம் 80க்கு மேலா, அக்குள் காய்ந்திருக்கிறதா, கண்மணி சுருக்கம் விட்டதா. முன்னேற்றம் இல்லையென்றால் அடுத்த டோஸ் இரட்டிப்பு. 3 ஆம்பூல், பிறகு 6, பிறகு 12, பிறகு 24. இங்கேதான் பலரும் பயந்து பின்வாங்கி, ‘கால் மணிக்கு 2 ஆம்பூல்’ என்று நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் நெஞ்சு காய்வதற்குள் மணிக்கணக்கில் ஆகிவிடும். அவ்வளவு நேரம் அவருக்கு இல்லை. இரட்டித்துக்கொண்டே போனால் 20 நிமிடத்துக்குள் இலக்கை எட்டிவிடலாம். நாடி வேகமாக இருக்கிறது என்பதற்காக அட்ரோபினை நிறுத்தாதீர்கள். மூச்சுத் திணறலாலும் நாடி வேகமாகும்.

கண்மணியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது கடைசியில்தான் விரியும், கண்ணில் மருந்து தெறித்திருந்தால் விரியாமலே இருக்கும். ஒரு பக்க நெஞ்சில் மட்டும் கொரகொரப்பு நீடித்தால் அது வாந்தி உள்ளே போனதால் இருக்கலாம், அதற்காக அட்ரோபினை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது.

இலக்கை எட்டியதும், அதுவரை போட்ட மொத்த அட்ரோபினைக் கூட்டுங்கள். அதில் 10 முதல் 20 சதவீதத்தை 1 மணி நேரத்துக்கான அளவாக டிரிப்பில் விடுங்கள். மேலே சொன்ன 3, 6, 12, 24 கணக்கில் மொத்தம் 45 ஆம்பூல், அதாவது 27 மில்லி கிராம். மணிக்கு 2.7 முதல் 5.4 மில்லி கிராம் ஓடும். அதிகமாகிவிட்டால் மூன்று அடையாளம்: காய்ச்சல், பிதற்றல், வயிற்றில் குடல் சத்தம் இல்லாமல் போவது. சிறுநீரும் அடைக்கும். அப்போது டிரிப்பை நிறுத்தி, அரை மணியிலிருந்து 1 மணி நேரத்தில் அடங்கியதும், முன்பு ஓடியதில் ஏறக்குறைய 70 முதல் 80 சதவீத வேகத்தில் மறுபடி தொடங்குங்கள். ஒரேயடியாக நிறுத்தி மறந்துவிட்டால் நள்ளிரவில் நெஞ்சு மறுபடி நிரம்பும்.

இந்த விஷத்துக்கான இன்னொரு மாற்று மருந்தான பாம் (பிராலிடாக்ஸிம்) ஊசி பற்றி: உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு கிலோவுக்கு 30 மில்லி கிராம், 20 முதல் 30 நிமிடத்தில் மெதுவாக, அதன் பிறகு மணிக்குக் கிலோவுக்கு 8 மில்லி கிராம். வேகமாகத் தள்ளினால் வாந்தி வரும், ரத்த அழுத்தம் எகிறும், இதயமே நிற்கலாம். இதன் பயன் பற்றி ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 1990களில் வேலூர் சி.எம்.சி.யில் நடந்த ஆய்வில் பயன் தெரியவில்லை. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் தொடர்ந்து அதிக அளவில் கொடுத்தபோது நல்ல பலன் கிடைத்தது, இலங்கையில் நடந்த ஆய்வில் கிடைக்கவில்லை. ஆகவே பாம் இல்லையே என்று தவிக்க வேண்டாம். அட்ரோபின் குறைவாக இருப்பதற்குத்தான் தவிக்க வேண்டும். உங்கள் அலமாரியில் எத்தனை ஆம்பூல் இருக்கிறது என்று இன்றே எண்ணிப் பாருங்கள். வலிப்பு வந்தால் டயஸெபாம் அல்லது மிடாஸோலாம்.

அனுப்பும் சீட்டில்: சாப்பிட்ட நேரம், லேபிளில் உள்ள மருந்தின் பெயர், வந்தபோது இருந்த நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, நினைவு நிலை, அட்ரோபின் மொத்தம் எத்தனை ஆம்பூல், கடைசி டோஸ் எத்தனை மணிக்கு, டிரிப் என்ன வேகம், பாம் கொடுத்தீர்களா, கழுவினீர்களா, வழியில் வாந்தி எடுத்தாரா. ‘அட்ரோபின் கொடுக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதி வரும் சீட்டால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. நினைவு மங்கி, மூச்சு தளர்ந்திருந்தால் டியூப் போட்ட பிறகே வண்டி ஏற்றுங்கள். டிரிப் வண்டியிலும் ஓட வேண்டும். பேரணாம்பட்டிலிருந்தோ ஜவ்வாது மலையிலிருந்தோ வரும் தூரத்தில் அட்ரோபின் இல்லாமல் ஒரு மணி நேரம் போனால், நீங்கள் காயவைத்த நெஞ்சு நிறைந்துதான் எங்களிடம் வரும். டாக்டர் டியூப் போடும்போது, தசையைத் தளர்த்தும் சக்ஸினில்கோலின் தவிர்க்கப்படுவது நல்லது, இந்த விஷத்தில் அதன் வேலை மணிக்கணக்கில் நீளும்.

கே: என் கணவர் மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். அன்று இரவே மூச்சு விட முடியாமல் வென்டிலேட்டர் போட்டுவிட்டார்கள். மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ? அதற்கு முன்பு இரண்டு நாள் கண்டபடி பேசினார், கையைக் கட்டி வைத்திருந்தார்கள். – ஒரு வாசகி, ஆற்காடு

மருந்து மாறிப்போனதால் நடந்ததல்ல அம்மா. இது இந்த விஷத்தின் இரண்டாம் கட்டம். விஷம் உள்ளே போன 24 மணி நேரத்திலிருந்து 96 மணி நேரத்துக்குள் வரும். 1987இல் இலங்கை மருத்துவர்கள் இதை விவரமாக எழுதி, இடைநிலைத் தளர்ச்சி என்ற பொருளில் பெயரிட்டார்கள். நெஞ்சுச் சளியெல்லாம் வற்றி, நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே கழுத்து, தோள், தொடை, மூச்சுவிடும் தசைகள் சோர்ந்துபோகும். அட்ரோபின் இதைத் தடுக்காது. வென்டிலேட்டர்தான் சிகிச்சை. ஒரு வாரமோ மூன்று வாரமோ இயந்திரம் மூச்சுவிட்டுக் கொடுத்தால் தசைகள் தானே திரும்பும். பயந்துபோய் ‘வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்’ என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் எழுந்து நடந்து போகிறார்கள்.

வருவதை முன்கூட்டியே பிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. மல்லாந்து படுத்திருப்பவரிடம், ‘தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்குங்கள்’ என்று சொல்ல வேண்டும். தூக்கி 5 விநாடி பிடித்திருந்தால் நல்லது. தாடை நடுங்கித் தலை விழுந்தால், கையைத் தாங்கலாக வைத்து எழப் பார்த்தால், அப்போதே ஐ.சி.யு.வுக்கு மாற்ற வேண்டும். ஒரே மூச்சில் 1லிருந்து 20 வரை எண்ணச் சொல்வது இன்னொரு வழி, போன ஷிப்டில் 20, இந்த ஷிப்டில் 9 என்றால் கவனிக்க வேண்டும். முதல் 4 நாளும் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை இதைப் பார்ப்பது நல்லது. பக்கத்தில் இருக்கும் நீங்களே கவனித்து நர்ஸிடம் சொல்லலாம்.

கண்டபடி பேசியது பெரும்பாலும் அட்ரோபினின் விளைவு. அது இறங்கியதும் சரியாகிவிடும், அந்த நாட்கள் அவருக்கு நினைவிலேயே இருக்காது. அந்த மயக்கத்தில் சொன்ன வார்த்தைகளை வைத்து வீட்டில் வழக்குப் பேச வேண்டாம்.

கே: எங்கள் ஹாஸ்டலில் ஒருத்தி நேற்று இரவு காய்ச்சல் மாத்திரையை நிறைய விழுங்கிவிட்டாள். இன்று காலை நன்றாக இருக்கிறாள். யாரிடமும் சொல்லாதே என்கிறாள். – ஒரு மாணவி, காட்பாடி

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் உங்களைத் தொடர்புகொண்டு, தோழியை உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

பாராசிட்டமால் முதல் நாள் ஏமாற்றும். லேசான குமட்டல் தவிர ஒன்றும் தெரியாது. கல்லீரல் சேதம் 24 மணி நேரத்துக்குப் பிறகுதான் ரத்தப் பரிசோதனையில் தெரியத் தொடங்கும், மூன்றாம் நான்காம் நாளில் உச்சம். ஆகவே நன்றாக இருக்கிறாள் என்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. மாற்று மருந்தான அசிட்டில் சிஸ்டீன், விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் ஏறக்குறைய முழுமையாகக் காப்பாற்றும். அதற்குப் பிறகும் பயனுண்டு, ஆனால் ஒவ்வொரு மணியும் குறைகிறது.

ஆஸ்பத்திரியில், விழுங்கி 4 மணி நேரம் கழிந்த பிறகு ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பார்கள். அதற்கு முன் எடுத்த அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அளவு பார்க்கும் வசதி அருகில் இல்லை, 8 மணி நேரம் நெருங்குகிறது அல்லது தாண்டிவிட்டது என்றால் முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குவதே சரி. நரம்பு வழியில் மூன்று பைகள்: கிலோவுக்கு 150 மில்லி கிராம் 1 மணி நேரத்தில், 50 மில்லி கிராம் 4 மணி நேரத்தில், 100 மில்லி கிராம் 16 மணி நேரத்தில். 60 கிலோ உள்ளவருக்கு 9 கிராம், 3 கிராம், 6 கிராம். இந்தக் கணக்கில் தவறு நேர்வது சகஜம் என்பதால் இருவர் தனித்தனியே போட்டுப் பார்ப்பது நல்லது. முதல் பை ஓடும்போது சிலருக்குத் தடிப்பு, அரிப்பு, இழுப்பு வரும். நிறுத்தி, அலர்ஜி ஊசி போட்டு, வேகத்தைக் குறைத்து மறுபடி தொடங்க வேண்டும். ‘அலர்ஜி’ என்று எழுதிக் கைவிடுவது பெரும் பிழை.

ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் ஏறினால் உடனே பிளாஸ்மா ஏற்றிச் சரிசெய்யத் தோன்றும். ரத்தக்கசிவு இல்லாமல் ஏற்ற வேண்டாம். கல்லீரல் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் காட்டும் எண்ணே அதுதான். இன்னொன்று: சளி, உடம்புவலிக்கான கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது. அட்டையைத் திருப்பிப் படித்தால் தெரியும்.

ரகசியம் காப்பேன் என்று நீங்கள் தோழிக்கு வாக்குக் கொடுத்திருக்கலாம். அதை மீறியது அவள்மேல் உள்ள அன்பினால்தான்.

கே: எலி மருந்துக்கு மாற்று மருந்து உண்டா? கேக், பேஸ்ட், பவுடர் என்று விதவிதமாக விற்கிறார்கள். – ஒரு மளிகைக் கடைக்காரர், வாலாஜா

மூன்றும் வேறு வேறு விஷம், அதனால்தான் டப்பாவைக் கேட்கிறோம். கேக் பெரும்பாலும் ரத்தம் உறைவதைத் தடுப்பது. முதல் நாள் ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும், 48 மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ஐ.என்.ஆர். ஏறினால் வைட்டமின் கே1 வாரக்கணக்கில் தேவைப்படலாம். கே3 என்ற வகை இதற்கு உதவாது. கறுப்புப் பவுடர் துத்தநாக பாஸ்பைடு, வயிற்றில் விஷ வாயுவாக மாறும். அதனால் அந்த நோயாளியைக் காற்றோட்டமான இடத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

பேஸ்ட் மஞ்சள் பாஸ்பரஸ். இதிலும் முதல் இரண்டு நாள் நன்றாகவே இருப்பார். வீட்டுக்கு அனுப்பச் சொல்லி உறவினர் நெருக்குவது அந்த நேரத்தில்தான். மூன்று முதல் ஐந்தாம் நாளில் கல்லீரல் சரியும். தினமும் ஐ.என்.ஆர்., கல்லீரல் பரிசோதனை பார்த்துக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும். நிலைமை மோசமானால் பிளாஸ்மா மாற்றும் சிகிச்சை இருக்கிறது. குறைந்த அளவு பிளாஸ்மா மாற்றி, குறைந்த ஸ்டீராய்டுடன் நல்ல பலன் கண்டதை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். சீக்கிரம் அனுப்பினால்தான் அது பயன்படும். கடைக்காரரான உங்களிடம் ஒரு வேண்டுகோள்: பேஸ்ட் வேண்டாம், எலிப்பொறி விற்றுத் தாருங்கள்.

கே: மலைப்பக்கம் தழை அரைத்துச் சாப்பிட்டவர்களை ஏன் பல நாள் வைத்திருக்கிறார்கள்? – ஒரு வாசகர், அணைக்கட்டு

ஒடுவன் தழையைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். அது சிறுநீரகத்தின் வழியாகப் பொட்டாசியத்தை வெளியேற்றி, ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டி, இதயத் துடிப்பைக் குலைக்கும். தொடக்கத்தில் நன்றாக இருந்து பிறகு மோசமாவதால்தான் பல நாள் ஈ.சி.ஜி. மானிட்டரில் வைத்து, பொட்டாசியத்தைப் பார்த்துப் பார்த்து ஈடுசெய்கிறோம். தழை என்றால் ஒரு கொத்தைப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். அரளி விதைக்குச் சிகிச்சையே வேறு.

கே: தூக்க மாத்திரை சாப்பிட்டவருக்கு எதற்கு ஈ.சி.ஜி.? – ஒரு வாசகர், ராணிப்பேட்டை

‘தூக்க மாத்திரை’ என்று வீட்டில் சொல்வது பல சமயம் அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மாத்திரையாக இருக்கும். அது இதயத்தின் மின் ஓட்டத்தைத் தாமதப்படுத்தும். ஈ.சி.ஜி.யில், இதயத்தின் கீழறைகள் சுருங்குவதைக் காட்டும் க்யூ.ஆர்.எஸ். அலையின் அகலம் 100 மில்லி விநாடியைத் தாண்டினால் சோடியம் பைகார்பனேட், கிலோவுக்கு 1 முதல் 2 மில்லி ஈக்வலன்ட், தேவைப்பட்டால் திரும்பத் திரும்ப. நிமிடங்களில் அந்த அகலம் குறைவதைக் காகிதத்திலேயே பார்க்கலாம். வலிப்பு வந்தால் டயஸெபாம் வகை, ஃபெனிட்டாயின் வேண்டாம்.

மயங்கி வரும் யாருக்கும் முதலில் விரல் நுனியில் சர்க்கரை பார்க்கிறோம். சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தவரைத் தூக்க மாத்திரை என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. டயஸெபாம் வகை மட்டும் என்றால் பெரும்பாலும் மூச்சைக் காத்து, பக்கவாட்டில் படுக்க வைத்தாலே தெளிந்துவிடுவார். அதன் மாற்று மருந்தான ஃபுளுமஸெனில் கலப்பு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வலிப்பைக் கொண்டுவரும் என்பதால் தொடுவதில்லை. அபின் வகை வலி மருந்து என்றால் நலாக்ஸோன், சிறிது சிறிதாக, மூச்சு திரும்பும் வரை. அதன் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் முடிந்துவிடும், வலி மருந்து அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கும். எழுந்து உட்கார்ந்தவர் ‘வீட்டுக்குப் போகிறேன்’ என்றால் விடக் கூடாது.

கே: கள்ளச் சாராயம் குடித்தவருக்கு மறுநாள்தான் கண் மங்குகிறது. ஏன்? – ஒரு வாசகி, பேரணாம்பட்டு

மெத்தனால் தானாக அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. கல்லீரல் அதைப் ஃபார்மிக் அமிலமாக மாற்றும்போதுதான் கண் நரம்பு கெடுகிறது. அதற்கு 12 முதல் 24 மணி நேரம் ஆகும், சாதாரண மதுவும் சேர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மாற்றத்தைத் தடுக்க ஃபோமெபிஸோல், அது இல்லாவிட்டால் அளவிட்ட எத்தனால், கூடவே ஃபோலினிக் அமிலம், டயாலிசிஸ். எத்தனால் என்றதும் வீட்டில் பிராந்தி ஊற்றிவிடாதீர்கள், அது ரத்த அளவு பார்த்துக் கொடுப்பது. ஒரே இடத்தில் குடித்தவர்களில் ஒருவருக்குக் கண் மங்கினாலும் மற்ற எல்லோரும், நன்றாக இருப்பவர்களும், அன்றே பரிசோதனைக்கு வர வேண்டும்.

கே: போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ‘தெரியாமல் குடித்துவிட்டார்’ என்று சொன்னோம். மறைப்பது தப்பா? – ஒரு வாசகர், அரக்கோணம்

மறைத்தால் சிகிச்சை தவறும். எதை, எவ்வளவு, எப்போது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். விஷம் என்று வந்தால் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் பதிவு போட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுப்பது ஆஸ்பத்திரியின் கடமை, அது நோயாளிமேல் குற்றம் சாட்டுவதாகாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. போலீஸ் வரும் வரை சிகிச்சையை நிறுத்தி வைக்க யாருக்கும் உரிமை இல்லை, 1989லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கே: அண்ணி டிஸ்சார்ஜ் ஆகி வருகிறார். வீட்டில் எப்படி நடந்துகொள்வது? – ஒரு வாசகி, வேலூர்

டிஸ்சார்ஜுக்கு முன் மனநல மருத்துவர் பார்த்தாரா என்று கேளுங்கள், பார்க்காவிட்டால் பார்த்த பிறகு அழைத்துவாருங்கள். அடுத்த சந்திப்பு ஒரு வாரத்துக்குள் இருக்கட்டும். மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள், வேறொருவர் கையில் இருந்து வேளைக்கு வேளை கொடுங்கள். தாத்தாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரையும் இதில் அடக்கம். பூச்சி மருந்தை வீட்டிலோ பம்ப் செட் அறையிலோ வைக்காதீர்கள். தெளிக்கும் நாளில் தேவையான அளவு மட்டும் வாங்கி, மிச்சத்தைப் பூட்டிய பெட்டியில் வைத்து, சாவியை வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் கொடுங்கள். அந்த ஒரு வேகமான நேரத்தில் கைக்கெட்டாமல் இருந்தாலே பலர் தப்பிவிடுகிறார்கள்.

‘ஏன் இப்படிச் செய்தாய், மானம் போச்சே’ என்ற பேச்சு யார் வாயிலிருந்தும் வரக் கூடாது, பார்க்க வரும் உறவினர்களை வாசலிலேயே எச்சரித்து உள்ளே விடுங்கள். ‘மறுபடி அந்த எண்ணம் வருகிறதா அண்ணி?’ என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது, சொல்ல ஒரு ஆள் கிடைத்தது என்றிருக்கும். வருகிறது என்றால் தனியே விடாமல் அன்றே அழைத்து வாருங்கள். இரவு நேரமானால் 14416 அல்லது 104ஐ அழையுங்கள். பூச்சி மருந்து என்றால் இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால் மரத்துப்போவது, பாதம் தொங்குவது வரலாம், அதற்கும் உடனே காட்டுங்கள்.